இருபத்து மூன்றரை டிகிரிக் கழுத்து

என் மைத்துனனுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டதில் எங்கள் வானிலை அலுவலகமே சந்தோஷப்பட்டது. கேட்க அநியாயமாகத்தான் இருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அவன் எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவர். நான் அங்கேயே குமாஸ்தா. ஆண்டு விழாவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து, கோடையும் குளிரும் ஏன் மாறி மாறி வருகின்றன என்று நாடகம் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. எழுதி இயக்குவது நான். சூரியன் வேடம் எங்கள் அதிகாரிக்கு. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத வேடம் வேறு யாருக்குப் பொருந்தும்?

பூமிதான் கிடைக்கவில்லை. பூமி நேராக நிற்கக் கூடாது. ஒரு பக்கமாக இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். தலை சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும் மாதங்களில் தலைப் பக்கத்து ஊர்களில் கோடை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் அதே சாய்வு சூரியனை விட்டு விலகிவிடும், குளிர் வந்துவிடும். விஷயம் அவ்வளவுதான். கோடையாக நடிக்க வந்த டைப்பிஸ்ட் அம்மா, "கோடையில சூரியன் கிட்ட வருதுன்னுல்ல நினைச்சேன்?" என்றார். வானிலை அலுவலகத்தில் பதினாறு வருட சர்வீஸ். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் மைத்துனன் சோபாவில் தாறுமாறாகத் தூங்கி, இடது பக்கம் சாய்ந்த கழுத்தோடு வந்து நின்றான். அதிகாரி பாகைமானியை எடுத்து அளந்தார். இருபத்து மூன்றரை! "யாரும் இவர் கழுத்துல கை வைக்கக் கூடாது. நாடகம் முடியுற வரைக்கும் தைலம்கூடக் கிடையாது," என்று உத்தரவு போட்டார். சாய்வு போனால் பூமி வேடமும் போச்சு, ஒரு பலூனைக் கட்டித் தொங்கவிடுவேன் என்றும் சொன்னார்.

பத்து வருடமாக ஆண்டு விழாவில் திரை மட்டும் இழுத்தவன் அவன். "எம் பொண்ணு கிளாஸ் பூரா சொல்லி வச்சுட்டா மாமா, எங்கப்பாதான் பூமின்னு," என்று சாய்ந்தபடியே சிரித்தான். வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது.

ஒத்திகையில் புது வம்பு. அவன் சாதாரணமாகச் சூரியனைச் சுற்றி நடந்தபோது தலை எந்நேரமும் சூரியன் பக்கமே சாய்ந்திருந்தது. வருஷம் பூராவும் கோடை. ஸ்டோர் கீப்பர்தான் குளிர்காலம். அவர் இரண்டு ஸ்வெட்டரோடு திரை மறைவில் நின்று வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

"பூமி உன்னை மாதிரி திரும்பாது மாப்ள! எந்த மூலைக்குப் போனாலும் அதோட தலை ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் சாஞ்சிருக்கும். நீ ஜனங்களைப் பார்த்தபடியே சுத்து," என்று கத்தினேன். அதிலிருந்து நண்டு நடைதான். தன்னைத்தானே சுற்றும் காட்சியை, முதல் நாளே அவன் வாந்தி எடுத்ததால் ரத்து செய்துவிட்டோம். எங்கள் பூமியில் இரவு பகல் கிடையாது.

நாடகத்தன்று காலை என் மனைவி காரியத்தைக் கெடுத்தாள். "எந்தம்பி கழுத்து உங்களுக்கு விளையாட்டுச் சாமானா?" என்றவள், அவன் அசந்திருந்த நேரம் பார்த்துச் சூடான எண்ணெயைத் தடவி ஒரே திருப்பு. டக். கழுத்து கம்பமாக நிமிர்ந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் அழுதே விட்டான்.

"நடிச்சுடுறேன் மாமா," என்றான். அதிகாரியிடம் நாங்கள் மூச்சு விடவில்லை.

திரை விலகியது. மஞ்சள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுழல் நாற்காலியில் அதிகாரி ஜொலித்தார். பூமி சாய்ந்தபடியே இரண்டு அடி எடுத்து வைத்தது. மூன்றாவது அடியில் கழுத்து சுகம் கண்டு நிமிர்ந்துவிட்டது. கையில் விசிறியோடு டைப்பிஸ்ட் அம்மா, "நான் போகவா, வேணாமா?" என்று என்னைப் பிடுங்கினார். குளிர்காலம் மயக்கம் வருகிறது என்றது. சூரியன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சாய்வு எங்கய்யா? பலூனை எடு!" என்று என் பக்கம் முணுமுணுத்தது. நான் ஊதவே ஆரம்பித்துவிட்டேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அவன் மகள் மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தாள். முன்னால் நெட்டையாக ஒரு வாத்தியார். அவரைத் தாண்டி அப்பாவைப் பார்க்க அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். தனக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைத்து, அவனும் அதே பக்கம் சாய்த்தான். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. சூரியனின் காலை மிதித்தான். லைட் வயரில் தடுக்கினான். பின்பக்கம் போனபோது நாற்காலியில் இடித்துச் சூரியனையே அரை வட்டம் சுழற்றிவிட்டான். தலை மட்டும் அந்த மூன்றாவது வரிசையைப் பார்த்தே சாய்ந்திருந்தது. கோடை வந்தது, போனது. குளிர்காலம் ஸ்வெட்டரோடு ஓடி வந்தது. பிள்ளைகள் கைதட்டக் கைதட்ட நான்கு வருஷம் சுற்றினான். நிறுத்த வழி தெரியாமல் கடைசியில் நான்தான் திரையை இழுத்தேன்.

உள்ளே வந்தவன் அப்படியே நின்றான். கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது. அதே பக்கம், அதே சாய்வு. நாடகம் பார்க்க வந்திருந்த என் மனைவி, கையோடு கொண்டுவந்த எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். அவன் இரண்டடி பின்வாங்கினான்.

"இருக்கட்டும்க்கா. நாளைக்குக் காலைல எம் பொண்ணை இப்படியே ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுறேன். அப்புறம் திருப்பிக்கோ."