பாஸ்டர் பையில் இருபத்துமூன்று புறா

டெக்சாஸில் செப்டம்பர் முதல் தேதி யாரும் சாகக் கூடாது. செத்தால் தூக்க நாலு பேர் கிடைக்க மாட்டார்கள். கெட்னர் ஊரில் அன்றைக்குத் தீவனக் கடைக்குப் பூட்டு, முடிவெட்டும் கடைக்குப் பூட்டு. பல் வைத்தியர்கூட 'திங்கட்கிழமை வரை வலியைப் பொறுக்கவும்' என்று கதவில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். புறா வேட்டை தொடங்குகிற நாளில் ஊர் வேறு எப்படி இருக்கும்?

அந்த வருஷம் முதல் தேதி சனிக்கிழமையில் விழுந்தது. மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபையில் ஓட்டெடுப்பு. பாஸ்டர் பிலிப் ஆமுண்ட்சனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வந்த வழியே அனுப்பிவிடுவதா என்று அதில் தெரிந்துவிடும். மினசோட்டாவிலிருந்து அவர் வந்து பத்து வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஒன்பது வருஷத்தில் மூன்று சபைகள் அவருக்கு மாலை மரியாதை செய்யாத குறையாக விடை கொடுத்திருந்தன. அதனால் அவர் மனைவி காரின் இந்த முறை சாமான் பெட்டிகளில் பாதியைப் பிரிக்கவே இல்லை. "ஓட்டு விழட்டும், பிரிச்சுக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னாள். பாஸ்டருக்கு அதுதான் நெஞ்சில் குத்தியது. அவருக்கு இந்த ஊர் பிடித்துப்போயிருந்தது. நாற்பத்துநாலு வயதில் இன்னொரு தடவை மூட்டை கட்ட அவருக்குத் தெம்பு இல்லை.

சபையில் எழுபது ஓட்டு. ஆனால் மூத்த மூப்பர் கிளோவிஸ் ஹாட்சர் கை தூக்கினால் மற்ற அறுபத்தொன்பது கையும் தானாக உயரும். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான். பத்து வாரமாகப் பிரசங்கத்தின்போது மூன்றாம் வரிசையில் அவர் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது, தொள்ளாயிரம் ஏக்கர், ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை. அந்த ஒன்பதில் சிலவற்றை அவர் தீவனக் கடை ட்வைனிடம் செலவழித்திருந்தார். ட்வைன் அதைச் சுடச்சுடக் கொண்டுவந்து பாஸ்டரிடம் சேர்த்தான்.

"சும்மா காதுல போட்டு வைக்கிறேன் பாஸ்டர். வயலுக்கு வராத பாஸ்டர் எவனும் இந்த ஊர்ல தங்கினதில்லன்னு கிளோவிஸ் அண்ணே சொன்னாரு. துப்பாக்கி நான் தர்றேன். நீங்க வாங்க, போதும்."

"எனக்குச் சுடத் தெரியாதே ட்வைன். எங்க ஊர்ல ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிப்போம். அவ்வளவுதான். அதோட, புறா பாருங்க… நோவாவுக்கு ஒலிவ இலை கொண்டுவந்தது புறாதானே?"

"அது ஒரே ஒரு புறா பாஸ்டர். இங்க லட்சம் இருக்கு. ஒண்ணுகூட இலை கொண்டுவராது. நம்ம சோளத்தைத்தான் திங்கும்."

வேதத்தில் இதற்குப் பதில் இல்லாததால் பாஸ்டர் ஒத்துக்கொண்டார். அரசாங்கம் வைத்த பாதுகாப்பு வகுப்பை முடித்து, அனுமதிச் சீட்டும் வாங்கினார். வகுப்பில் முழு மதிப்பெண். எழுதுகிற பரீட்சையில் அவர் என்றைக்குமே கெட்டிக்காரர்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளோவிஸின் சூரியகாந்தி வயல் ஓரத்தில், ஒரு சீமைக்கருவேல மரத்தடியில், வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பாஸ்டரை உட்காரவைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வயலுக்கு அப்பால் மாட்டுக்குத் தண்ணீர் தேக்கிவைத்த குட்டை. புறாக்கள் தின்றுவிட்டு அங்கேதான் குடிக்கப் போகும். அடித்த பறவையைப் போட்டுவைக்கத் துணிப்பை ஒன்றை ட்வைன் அவர் முதுகுக்குப் பின்னால் கிளையில் மாட்டிவிட்டான்.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினஞ்சுதான். சட்டம்," என்றான். பிறகு பாஸ்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது உங்களுக்கு இன்னிக்கு ஒரு தொந்தரவா இருக்காது" என்றான்.

ட்வைனுக்கு நூற்றைம்பது கிலோ உடம்பு. அதில் பாதி இரக்கம். அவனோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு திரிகிறவன் ராய்ஸ். பள்ளி பஸ் ஓட்டுகிறவன், ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான், வாய் மட்டும் மூடாது. இருவரும் வலப்பக்கமும் இடப்பக்கமும் நூறு கஜம் தள்ளி உட்கார்ந்தார்கள். கிளோவிஸ் எதிர்க்கரையில், குட்டைக்கு அந்தப் பக்கம், கட்டின கையோடு.

முதல் புறா வந்தது. பாஸ்டர் எழுந்து, குறிபார்த்து, கண்ணை மூடிச் சுட்டார். புறா போய்ச்சேர்ந்தது, குட்டைக்குத்தான், தண்ணீர் குடிக்க.

"பறவைக்கு முன்னாடி சுடுங்க பாஸ்டர்! பறவையைச் சுடாதீங்க, அது போகப்போற இடத்தைச் சுடுங்க!" என்று ராய்ஸ் கத்தினான்.

அடுத்ததற்கு முன்னால் சுட்டார். அது பாதி வழியில் இடதுபக்கம் திரும்பிவிட்டது.

"ரொம்ப முன்னாடி! யோசிக்காதீங்க! யோசிச்சா போச்சு!" இது ட்வைன்.

யோசிக்காமல் சுட்டதில் சூரியகாந்திப் பூ ஒன்று தலை தெறித்தது. கண்ணைத் திறந்துவையுங்கள் என்றார்கள். தோளில் நன்றாக அழுத்துங்கள் என்றார்கள். அழுத்தினார், தோள் கன்றிப்போனது. மூச்சை விடுங்கள், மூச்சை அடக்குங்கள், தொப்பியைத் திருப்பிப் போடுங்கள், முதலில் உட்காருங்கள், இல்லை, எழுந்திருங்கள். எத்தனை குரு! முதல் பெட்டித் தோட்டா இருபத்தைந்தும் தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. கடைசியில் ஒரு புறா பாஸ்டர் தலைக்கு நேர் மேலே இருந்த கிளையில் வந்து உட்கார்ந்து அவரையே பார்த்தது. உட்கார்ந்த பறவையைச் சுடுவது இந்த ஊரில் திருட்டை விடக் கேவலம். அதுவும் அந்தப் புறாவுக்குத் தெரிந்திருந்தது.

பாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்க்கரையில் கிளோவிஸ் எப்போதாவது எழுந்தார், ஒரு தடவை சுட்டார், ஒரு புறா விழுந்தது, உட்கார்ந்தார். அப்புறம் இங்கே பார்த்தார். அந்தப் பார்வை பட்டதும் பாஸ்டருக்கு வீட்டில் பிரிக்காமல் கிடந்த பெட்டிகள் ஞாபகம் வந்தன.

இதற்கு நடுவில் ஆள் மாற்றி ஆள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ட்வைன் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தான். ராய்ஸ் அறிவுரை கொண்டுவந்தான். ட்வைன் மறுபடி தண்ணீர். கிளோவிஸ்கூட ஒரு தரம் கரையைச் சுற்றி நடந்துவந்து, பின்னால் ஒரு நிமிஷம் நின்று, "வெயில்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாஸ்டர் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுபத்தைந்தாவது தோட்டா தீர்ந்தபோது மணி ஆறரை.

அப்போதுதான் மரத்தடிக்கு வனத்துறை வண்டி வந்தது. இறங்கியவள் மாரிசேலா ட்ரெவீன்யோ. அதிகாரி என்றால் அதிகாரி. போன வருஷம் சொந்த மாமனாருக்கே அபராதம் எழுதியவள். நால்வரும் வண்டியருகே கூடினார்கள். எல்லாருடைய சீட்டையும் பார்த்தாள், பையை எண்ணினாள். ட்வைனிடம் பதினைந்து, சரி. ராய்ஸிடம் பதின்மூன்று, சரி. கிளோவிஸிடம் பதினாலு, சரி.

"உங்களுக்கு எத்தனை பாஸ்டர்?"

பாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவமானம்தான், ஆனால் உண்மையைச் சொல்ல என்ன தயக்கம்?

"ஒண்ணுகூட இல்லம்மா. பூஜ்யம்."

அவள் சிரித்துக்கொண்டே கிளையில் தொங்கிய பையைக் கழற்றினாள். கை சட்டென்று கீழே தாழ்ந்தது. இரண்டு கையாலும் பிடித்து வண்டியின் பின்பலகையில் கவிழ்த்தாள். பொத்துப்பொத்தென்று புறா விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"இருபத்துமூணு," என்றாள். சிரிப்பு போயே போய்விட்டது. "பூஜ்யம்னீங்களே?"

பாஸ்டர் அந்தக் குவியல் மேல் குனிந்தார். கனவா, பிசாசின் வேலையா என்று முழித்தார். பிறகு ட்வைன் முகத்தைப் பார்த்தார்; ஈயாடவில்லை. ராய்ஸ் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடியிருந்தான். அவருக்கு விளங்கிவிட்டது. அட கிறுக்குப் பசங்களா! அன்பு பண்ணுகிறேன் என்று ஆளை மாட்டிவிட்டீர்களே!

"நான் சுடல. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாதும்மா" என்றார்.

"பை உங்களது. அளவுக்கு மேல எட்டு இருக்கு. அதிகாரிகிட்டப் பொய் சொன்னது தனி." அவள் அபராதப் புத்தகத்தை எடுத்தாள். "முழுப்பேர் சொல்லுங்க."

"ஐயோ, எழுதாதீங்க ஆபிசரம்மா!" ட்வைன் உடைந்துவிட்டான். "பாவம் அந்த மனுஷன்! மூணு மணிலேர்ந்து… இந்நேரம் வரைக்கும் ஒரு இறகுகூட விழல. பார்க்கச் சகிக்கல. நான்தான் பன்னெண்டு போட்டேன். தண்ணி கொண்டுபோறப்பெல்லாம் ரெண்டு மூணா…"

"டேய், நீயும் போட்டியா?" ராய்ஸ் துள்ளினான். "நான் பத்து போட்டேன்டா! பை கனக்குதே, நம்ம பாஸ்டர் பின்னி எடுக்கிறாருன்னு நெனச்சேன்!"

"பின்னி எடுக்கிறாருன்னா அப்புறம் ஏன்டா போட்டே?"

"கையில எடுத்துட்டு வந்துட்டேன்ல? திருப்பியா கொண்டுபோவாங்க?"

"குடுக்கிறதுன்னா பேரு, சீட்டு நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்," என்றாள் அதிகாரி. "அதுவும் இருக்கட்டும். ட்வைன், பதினஞ்சும் பன்னெண்டும் இருபத்தேழு. ராய்ஸ், உங்களுக்கு இருபத்துமூணு."

"தானம் குடுத்தது கணக்குல வருமா ஆபிசரம்மா?"

"நீங்க சுட்டு விழுந்ததெல்லாம் வரும்."

இருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். அவர்கள் பள்ளிப் பையன்கள் மாதிரி வாங்கிக்கொண்டார்கள். அவள் பேனாவை மூடப்போனவள் நிறுத்தினாள்.

"பன்னெண்டும் பத்தும் இருபத்திரண்டுதானே. இங்க ஒண்ணு கூட இருக்கு." பாஸ்டரைப் பார்த்தாள். அவள் முகம் இப்போது இளகியிருந்தது. "அப்போ அது உங்களது பாஸ்டர். உங்களுக்கே தெரியாம விழுந்திருக்கு. முதல் பறவை! வாழ்த்துகள்."

"அல்லேலூயா!" என்று ட்வைன் பாஸ்டரைத் தூக்கியே விட்டான். அபராதம் கட்டப்போகிறவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "முன்னாடி சுடுங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று ராய்ஸ் குதித்தான். ஒரு புறாவின் வாலிலிருந்து இறகைப் பிடுங்கிப் பாஸ்டரின் தொப்பியில் செருகப் போனான். முதல் பறவை அடித்தவனுக்கு இங்கே அதுதான் கிரீடம்.

பாஸ்டர் அந்த இறகைப் பார்த்தார். எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். தொப்பியில் இறகோடு நாளைக்குச் சபையில் போய் நிற்கலாம், காரினிடம் காட்டலாம். நாலு மணிக்கு ஒன்று தடுமாறியதே, அதாக இருக்குமோ? ஒருவேளை… ஆனால் தடுமாறியது போய்க் கம்பியில் உட்கார்ந்து சிறகு கோதியதையும் அவரே பார்த்தார். சாயங்காலம் முழுக்க அவர் ஒரு பறவையைக் கையால் எடுக்கவில்லை. எடுக்காத பறவை பைக்குள் நடந்தா வரும்? கிளோவிஸ் வண்டியில் சாய்ந்து, கை கட்டி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் ராய்ஸ்." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அதுவும் நான் அடிச்சதில்ல. எழுபத்தஞ்சு தோட்டா சுட்டேன். ஒரு பூவைத் தவிர ஒண்ணும் விழல. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா என்னுது இல்ல."

ராய்ஸ் கையில் இறகு அப்படியே நின்றது. "என்ன பாஸ்டர் நீங்க…" என்றான் ட்வைன். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. போச்சு, கிளோவிஸ் முன்னாலேயே தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று பாஸ்டருக்குத் தோன்றியது.

"அது என்னுது," என்றார் கிளோவிஸ்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான் போட்டது. பதினாலும் ஒண்ணும் பதினஞ்சு. எனக்குச் சட்டம் தெரியும்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். பெயர், சீட்டு எண், தேதி, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தது. "பையில போட மறந்துட்டேன்."

கிளோவிஸ் ஹாட்சர் எதையும் மறந்ததாக அந்த ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. அதிகாரி காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மடித்து வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதானா அண்ணே போட்டீங்க?" ராய்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணு போதும், மனுஷன் எப்படின்னு பார்க்க," என்றார் கிளோவிஸ். பிறகு தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பாஸ்டரிடம் வந்தார். "நாளைக்குப் பிரசங்கத்தைச் சுருக்கமா முடிங்க. ரெண்டரைக்கு இங்க இருக்கணும். என் பக்கத்துல உட்காருங்க. ட்வைன் உங்களுக்குத் தப்புத்தப்பா சொல்லிக்குடுக்கிறான்."

"நாளைக்கு… ஓட்டெடுப்பு இருக்கே ஐயா," என்றார் பாஸ்டர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அதுக்கு அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கிளோவிஸ் வண்டியில் ஏறினார்.