திருத்திய நேரம்

ரயில் நிலையத்தின் முதல் நடைமேடையில், பார்சல் அறைக்கும் மாடிப்படிக்கும் இடையே ஒரு சிறிய கண்ணாடி அறை உண்டு. அதற்குள் ஒரு மேசை, ஒரு மைக், ஒரு தொலைபேசி, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவளின் குரலை அந்நகரத்தில் அறியாதவர் இல்லை. முகத்தை அறிந்தவரோ மிகச் சிலர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் தொடங்கினால் ஆயிரம் தலைகள் நிமிரும். ஆனால் அவற்றுள் ஒன்றுகூடக் கண்ணாடி அறையின் பக்கம் திரும்பாது. எல்லாரும் கூரையில் தொங்கும் ஒலிபெருக்கியைத்தான் பார்ப்பார்கள்.

அவளைத் திரும்பிப் பார்க்கும் ஒரே மனிதன் கடலுக்கு நடுவே இருந்தான். எண்ணெய் எடுக்கும் இரும்பு மேடையில் அவனுக்கு வெல்டர் வேலை. முறை வைத்துத்தான் கரைக்கு வருவான். வாரத்தில் இரண்டு மாலைகளில், இரைச்சலுக்கு நடுவே, "என்னம்மா மைக்கு, எப்படி இருக்க?" என்று அவன் குரல் வரும். அந்தப் பெயரை அவன் ஒருவன்தான் வைத்திருந்தான். வேறு யாரும் அவளை எந்தப் பெயரிட்டும் அழைப்பதில்லை.

அவளுடைய தொழிலுக்கு இரண்டு விதிகள் இருந்தன. கடைசியாக வந்த தகவல் முந்தைய தகவலை அடித்துவிடும் என்பது ஒன்று. நேரம் தெரியாமல் "வருகிறது" என்று அறிவிக்கக் கூடாது என்பது மற்றொன்று. பத்தாண்டுகளாக இந்த இரண்டையும் அவள் மீறியதில்லை.

கருவுற்ற செய்தி உறுதியானபோது, கடைசி மாதவிலக்கை வைத்து மாதக் கடைசியில் பிரசவம் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிறகு முதல் ஸ்கேன் வந்தது. மருத்துவர் அவளைவிட இளையவர், படபடவென்று பேசுபவர். படத்தைப் பார்த்ததும் தேதியை அடுத்த மாதம் எட்டுக்குத் தள்ளினார்.

"உங்களுக்கு மாசாமாசம் தள்ளித்தள்ளித்தானே வரும்? அதான் அந்தக் கணக்கு ஒத்துவரல. எட்டாம் தேதியவே வச்சுக்குவோம்."

அன்று மாலையே அவள் கணவனுக்கு அறிவித்தாள். அவன் மகிழ்ச்சியில் கத்தினான். எட்டாம் தேதி அவன் கரையில் இருக்கும் முறைக்குள் விழுந்தது.

"பாத்தியா, உள்ள இருக்கும்போதே அப்பனோட லீவு தெரிஞ்சிருக்கு!"

அவளுக்குத் தாய் இல்லை. மாமியார் படுத்த படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனாரால் வேற்றூரிலிருந்து அசைய முடியாது. எனவே பிரசவத்தின்போது அருகில் இருக்கப்போவது கணவன் மட்டுமே. அவன் வருவான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான், கண்ணாடி அறையிலும் அதைவிடச் சற்றே பெரிய வீட்டிலும் அவள் தன் மாதங்களைக் கடத்தினாள்.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் மற்றொரு ஸ்கேன் எடுத்தார்கள். இருட்டறையில் இருந்தவர் வாய் திறவாமல் அளந்தார்; வாய் திறவாமலே தாளைக் கையில் கொடுத்தார். மருத்துவர் அன்று இல்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து அவள் தாளைப் பிரித்தாள். பிரசவத் தேதி இருபத்திரண்டு என்று அதில் அச்சாகியிருந்தது.

அவளுக்கு வியப்பே தோன்றவில்லை. முன்பும் ஒருமுறை மாறியதுதானே? தாமதங்களை அறிவித்தே வயிறு வளர்ப்பவள் அவள். இது திருத்திய நேரம். திருத்திய நேரம் வந்துவிட்டால் பழைய நேரத்தை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மாலை அவன் அழைத்தபோது, முதல் சொல்லே அதுதான்.

"ஏங்க, ரெண்டு வாரம் லேட்டுங்க. இருபத்திரண்டாம்."

"ஐயோ, அதுக்குள்ள நான் லீவு முடிஞ்சு இங்க மேடைக்குத் திரும்பி வந்துடணுமே!"

"முறைய மாத்திக்க முடியாதா?"

முடிந்தது. கூட்டாளி ஒருவன் தன் தங்கையின் திருமணத்துக்கு விடுப்புக் கிடைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அவனுக்கு இவன் தன் முறையைக் கொடுத்துவிட்டு, அதற்கு அடுத்ததை எடுத்துக்கொண்டான். ஒருமுறை மாற்றினால் மறுமுறை மாற்ற அங்கே அனுமதி இல்லை.

"என்னையத் தூக்கி ஒரு சுத்து சுத்திட்டான்மா! 'அண்ணே, நீதான் என் தங்கச்சிக்குப் பெரிய அண்ணன்'னு அழுவறான், தடிமாடு."

நாத்தனாரும் செய்தி கேட்டுத் தொலைபேசியில் சிரித்தாள். "உன் வயித்துல இருக்கறதும் உன் ரயில் மாதிரிதான் போல. சொன்ன நேரத்துக்கு வந்ததா சரித்திரமே இல்ல!"

"அண்ணி, அதது வர்றப்பதான் வரும்" என்று இவளும் சிரித்தாள். தன் மகப்பேறு விடுப்பையும் தள்ளிப்போட்டாள்.

அடுத்த வாரம் மருத்துவர் தாளைப் புரட்டிக்கொண்டே, "எட்டாம் தேதிக்கு எல்லாம் தயாரா வச்சிருக்கீங்களா?" என்றார்.

"இருபத்திரண்டுதானே டாக்டர்?"

"யாரு சொன்னா?"

"இதுலயே போட்டிருக்கே."

"அது மெஷின் போட்டது. தலை, வயிறு, தொடை எலும்பு எல்லாத்தையும் அளந்து, இந்த அளவு இருந்தா சராசரியா இத்தனை வாரம்னு அதுவா ஒரு தேதிய அடிச்சுத் தள்ளும். நாங்க அத எடுத்துக்க மாட்டோம்."

"முதல் ஸ்கேன்லயும் அளந்துதானே தேதிய மாத்தினீங்க?"

"அப்ப குழந்தை விரல் நுனி அளவு. அந்த வயசுல எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளரும். அளந்தா வயசு தெரியும். இப்ப அப்படியா? ஒண்ணு கொழுகொழுன்னு இருக்கும், ஒண்ணு ஒல்லியா இருக்கும். இப்ப அளந்தா உருவம்தான் தெரியும், வயசு தெரியாது. உங்க வீட்டுக்காரர் நல்ல உயரமா?"

"என் தோள் வரைக்கும் வருவாரு."

"அப்புறம் என்ன! அப்பா மாதிரி சின்ன உருவம். ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, பனிக்குடத் தண்ணியும் போதும். இருந்தாலும் வாராவாரம் வந்து காட்டுங்க. ஏன், முகம் இப்படி வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல டாக்டர். வெயில்ல வந்தேன்."

வெளியே வானம் மூடியிருந்தது.

அன்று மாலை அவன் அழைத்தான். திருமணத்துக்கு மண்டபம் பேசிவிட்டார்கள் என்று கூட்டாளியின் கதையை விரிவாகச் சொன்னான். "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று இடையில் கேட்டான்.

"எல்லாம் நல்லா இருக்காம். உங்க மாதிரி குள்ளமாம்."

"யாரு குள்ளம்? நீ நெட்டைக்கொக்கு. அத சொல்லு!"

அவள் சிரித்தாள். தேதியைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும்? மாற்ற முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டு அவன் இரும்புத் தளத்தில் இங்குமங்கும் நடப்பான். நெருப்போடு வேலை செய்பவன் மனம் வேறெங்கோ இருக்கும். பத்தாண்டுகளில் முதல்முறையாக, கைக்கு வந்த ஒரு திருத்தத்தை அவள் அறிவிக்காமல் வைத்துக்கொண்டாள்.

தள்ளிப்போட்ட விடுப்பையும் அவள் முன்னுக்குக் கொண்டுவரவில்லை. அதன் பிறகு, ஒரு ரயிலுக்கும் மறு ரயிலுக்கும் இடையே மைக்கை அணைத்துவிட்டு, வயிற்றின்மேல் கை வைத்து அவள் கதை சொல்லத் தொடங்கினாள். வேறு யாரிடம் சொல்வது?

"ஒரு ஆத்தங்கரையில ஒரு ஆடு இருந்துச்சாம். அக்கரைக்குப் போகணும், படகுக்குக் காத்திருந்துச்சு. படகு உச்சி வெயில்ல வரும்னு காலையிலேயே சொல்லிட்டாங்க. மரத்து மேல இருந்த கொக்கு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்துட்டு, 'அடடா, படகு இத்தனூண்டு தெரியுதே, ரொம்பத் தூரத்துல இருக்கு, சாயங்காலம்தான் வரும்'னுச்சு. ஆடும் நம்பிட்டு மேயப் போயிடுச்சு. ஆனா படகு தூரத்துல இல்ல கண்ணு. படகே சின்னப் படகு. சொன்ன நேரத்துக்கு வந்துச்சு. கரையில யாருமே இல்ல."

அதற்கு மேல் அந்தக் கதையை எப்படிக் கொண்டுபோவதென்று அவளுக்குத் தெரியவில்லை. வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது. "ஆமாமா, நீ சின்னப் படகுதான்" என்றாள். "இருந்தாலும் கொஞ்சம் மெதுவா துடுப்புப் போடேன். அப்பா வந்துடட்டும்."

எட்டாம் தேதி ஒன்றும் நடக்கவில்லை. அன்று அவள் குரலில் இருந்த துள்ளலைக் கேட்டு நிலைய அதிகாரி கண்ணாடியைத் தட்டினார்.

"என்னம்மா, சரக்கு வண்டிய அறிவிக்கிறதுக்கே இவ்வளவு சந்தோஷமா?"

"இன்னிக்கு எல்லாம் தாமதம் சார்!"

மறுநாள் முற்பகல் விரைவு ரயில் ஒன்றை அறிவித்துக்கொண்டிருக்கையில், "இரண்டாவது நடைமேடைக்கு" என்ற இடத்தில் அவள் குரல் நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு நீண்ட மூச்சு மட்டும் கேட்டது. அன்றுதான் முதல்முறையாக நடைமேடையில் இருந்தவர்கள் கண்ணாடி அறையின் பக்கம் திரும்பினார்கள். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வந்து சேரும்" என்று வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நிலைய அதிகாரி தம் காரில் கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்தார். "கூட யாரும்மா வராங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "வருவாங்க சார், நீங்க கிளம்புங்க. அடுத்த வண்டிக்கு அங்க ஆள் இல்ல" என்றாள். செவிலியும் அதையே கேட்டாள். அவளிடமும் அதே பதில்தான்.

வெயில் சாயும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடையில் சிறியது, அழுகையில் பெரியது.

செவிலி தொலைபேசியை அவள் காதில் வைத்துப் பிடித்தாள். மேடையில் அவனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர நெடுநேரம் ஆயிற்று.

"என்னம்மா சொல்ற? இருபத்திரண்டாம்னியே!"

"தேதி மாறவே இல்லங்க. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். டாக்டர் அப்புறமா சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"நீங்க முறைய மாத்தினதுக்கு அப்புறம்."



"தெரிஞ்சும் நீ சொல்லலையா?"

"சொல்லியிருந்தா நீந்தி வந்திருப்பீங்களா?"

அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. "தனியாவா இருந்த?" என்றான்.

அவள் குழந்தையின் அழுகையை நோக்கித் தொலைபேசியைத் திருப்பிப் பிடிக்கும்படி செவிலியிடம் சைகை காட்டினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "கடல் கொந்தளிப்பா இருக்கு. படகு எப்ப விடுவாங்கன்னு இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாதாம்" என்றான். இணைப்பு அறுந்தது.

அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருந்தது. பார்வையாளர் நாற்காலியில் அவளுடைய கைப்பை அமர்ந்திருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி, எங்கிருந்தோ வரும் ஒலியைத் தேடுவதுபோல் தலையை அசைத்தது. அவள் அதன் காதருகே குனிந்தாள். ஒரு நகரமே அறிந்த குரலை, ஒருவருக்கு மட்டும் கேட்கும் அளவுக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயணியின் கனிவான கவனத்திற்கு. கடலிலிருந்து வரவேண்டிய உங்கள் அப்பா…"

நேரம் சொல்ல வேண்டிய இடம் வந்தது. விதியை நினைத்து ஒரு கணம் நிறுத்தினாள்.

"…வந்துகொண்டிருக்கிறார்" என்றாள்.

குழந்தை சத்தம் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பி, அவள் முகத்தையே பார்த்தது.