வெயில் ஏறித் திறக்கும் துருசு

வெண்மருதங்குளத்தில் ஜெகதீஸ்வரியின் மூட்டுகள் இறுகத் தொடங்கிய ஆண்டில் அவருடைய வீட்டுக் கதவின் பிணைச்சல்களும் இறுகத் தொடங்கின. வைகறையில் அவர் கண்விழித்து, விரல்களை மடக்க முயன்று தோற்கும் அதே கணத்தில் கதவு அசைய மறுத்தது, பாக்குவெட்டி வாய் திறக்கவில்லை, குடை விரியவில்லை, கிணற்றுக் கப்பி சுழலவில்லை, கணவர் தவபாலனின் சைக்கிள் சங்கிலி இரும்புக் கோல்போல் விறைத்தது, முற்றத்து நாய் நான்கு கால்களையும் நீட்டியபடி கண்களை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தது. செங்கதிர் வேலியோரப் பாலைமரத்தின் கவட்டுக்கு வந்ததும் அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக இளகும். கதவு முனகித் திறக்கும். நாய் எழுந்து உடலை உதறிக்கொண்டு தன் அலுவலைப் பார்க்கப் போகும். அந்த ஆண்டு நெல் விலை ஓரளவு நன்றாக இருந்தது.

நெடுங்கேணிக்கு அப்பால், காட்டு விளிம்பில் இருந்த அந்தக் குடியேற்றத்துக்கு, போர் முடிந்து மக்கள் மீண்டு வந்து சில போகங்கள் கழிந்திருந்த காலம் அது. முதலில் சின்னவிரல் கணுக்கள் வீங்கின. பின்னர் மணிக்கட்டு, முழங்கால், பாதத்துச் சிற்றெலும்புகள். களை பிடுங்கிய நோவு என்றே ஜெகதீஸ்வரி எண்ணினார். நல்லெண்ணெயும் நொச்சியிலை ஒற்றடமும் கோயில் நேர்த்தியும் தத்தம் முறையில் வந்து போயின. இறுதியில் வவுனியா கிளினிக்கில் ஓர் இளம் வைத்தியர் தாளில் ஒரு மூட்டைக் கீறிக் காட்டினார். "இது முடக்குவாதம், அம்மா. உங்கட உடம்பு தன்னையே எதிரி எண்டு நினைச்சு அடிக்குது."

"எங்கட ஆக்களுக்கு உது புதுசில்லை, டொக்டர்," என்றார் ஜெகதீஸ்வரி.

சிரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாத வைத்தியர், வாரத்துக்கு ஒருமுறை விழுங்கும் குளிசையை எழுதிக் கொடுத்தார். அதை விழுங்கிய மறுநாள் குமட்டலும், அதற்கடுத்த நாள் பெருஞ்சோர்வும் வரும். நோவுக்கு ஓர் இடம் உண்டு, அதைக் கைவைத்துக் காட்டலாம், சோர்வுக்கு இடமில்லை. நனைந்த சாக்கைத் தோளிலிட்டவர்போல் அவர் பகலைக் கடந்தார். அத்தகைய நாள்களில் வீட்டு மணிக்கூடும் உச்சிப்பொழுதில் நின்றுவிட்டு, அவர் உறங்கி எழுந்த பின்னரே நடந்தது.

அழுவதற்கும் தெம்பு வேண்டும் என்று கண்டபின் அவர் வாழ்வதற்கான வழிகளைத் தேடிக்கொண்டார். மாலையிலேயே தண்ணீர் அள்ளி நிறைத்தனர். இரவில் கதவைச் சாத்தாமல் விட்டனர். விடியற்காலைத் தேநீர் முன்னிரவிலேயே சுடுதண்ணிப் போத்தலுக்குள் புகுந்தது. அகப்பைக் காம்புகளுக்குப் பழஞ்சேலைக் கிழிசலைச் சுற்றித் தடிப்பாக்கினார். ஒரு வேலையைப் பல துண்டாக்கி, துண்டுகளுக்கிடையே அமர்ந்துகொண்டார். அமர்ந்து சமைக்கக் குசினிக்குள் ஒரு கதிரை நுழைந்ததைப் பக்கத்து வளவிலிருந்த கணவரின் தங்கை தாட்சாயினி முதலில் பொறுக்கவில்லை.

"கதிரையிலை இருந்து கறி காய்ச்சிறா எங்கட மச்சாள். மகாராணி!"

"மகாராணிக்கு ரெண்டு கையும் வழங்கும், மச்சாள். எனக்கு ஒண்டு வழங்கினாலே காணும்."

தாட்சாயினி சிரித்தாள், பின் அந்தச் சிரிப்புக்கு வெட்கப்பட்டாள், மறுநாள் முதல் அந்த வீட்டுத் தேங்காயைத் துருவுவது அவளுடைய பொறுப்பாயிற்று.

ஆண்டுகள் செல்ல, இறுக்கம் வேலியைக் கடந்து குளக்கட்டுவரை போயிற்று. ஜெகதீஸ்வரியின் காணி துருசுக்குக் கீழே முதலாவது. குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் அந்தத் துருசின் இரும்புச் சக்கரமான சில்லும் இப்போது வைகறையில் திரும்ப மறுத்தது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் அவ்வூரில் ஒரு முறைமை உண்டு. புலரிப்பொழுதில் கட்டின்மேல் வீற்றிருக்கும் பிள்ளையாருக்குப் பொங்கிய பின்பே சில்லைத் திருப்புவர். பொங்கற்பானைக்கு முதற்பிடி அரிசி இடும் உரிமை முதற்காணிப் பெண்ணுடையது. மாமியாருக்குப் பின் அது ஜெகதீஸ்வரிக்கு வந்தது. சில்லைத் திருப்பும் உரிமை உழவர்களின் கமக்கார அமைப்புத் தலைவர் அப்புத்துரையுடையது. விதைக்கவும் அரிவு வெட்டவும் கை உதவாமற்போன பிறகு, தாமும் இம்மண்ணின் கமக்காரி என்று ஜெகதீஸ்வரி சொல்லிக்கொள்ள எஞ்சியிருந்தது அந்த ஒரு பிடி அரிசியே. ஐந்து கரங்களையும் அசைத்து எடுக்க உனக்குக் காலையில் எவ்வளவு நேரம் செல்லும் அப்பனே என்று அவர் பிள்ளையாரிடம் கேட்பதுண்டு.

ஓர் ஆண்டு புலரியில் சில்லு திரும்பவில்லை. கிறீஸ் பூசினர், தேங்காய் உடைத்தனர். முற்பகலில் வந்த நீர்ப்பாசன உத்தியோகத்தர் ஒற்றைக் கையால் அதைத் திருப்பிக் காட்டி, நேரத்துக்கு எழும்பிப் பழகச் சொல்லிவிட்டுப் போனார். இறுக்கம் ஜெகதீஸ்வரியிடமிருந்தே வருகிறது என்று ஊர் முடிவுகட்டிற்று. ஆகவே அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், பதிகம் பாடிப் பழகிய கணீர்க் குரலையுடைய அப்புத்துரை, நீண்ட சட்டைக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எவரையும் நோக்காமற் பேசினார்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. நல்ல நேரத்தை மாத்தேலாது. அண்டைக்கு மட்டும் புதுக்குடியிருப்பிலை அக்கா வீட்டிலை நில்லுங்கோ. முதற்பிடியைத் தாட்சாயினி போடட்டும்."

தவபாலன் சினந்து எழுந்தார். ஜெகதீஸ்வரி அவருடைய சட்டை நுனியைப் பற்ற முயன்று, பற்ற இயலாமல், புறங்கையால் தட்டினார். "இருங்கோப்பா. எனக்குச் சண்டை பிடிக்கவும் களைப்பாக் கிடக்கு." பிறகு அப்புத்துரையிடம் சொன்னார்: "போறன் அண்ணை. ஆனால் ஒருக்காப் போனால் அந்தப் பிடி திரும்ப எனக்கு வராது. அது உங்களுக்கும் தெரியும்."

முதல்நாட் பேருந்தில் அவர் போனார். மறுநாட் புலரியில் கட்டின்மேல் பானை ஏறிற்று. பால் சூடேறும்போதே, நேரம் தவறக்கூடாது என்று அப்புத்துரை சில்லைப் பற்றி ஒருமுறை அசைத்துப் பார்த்தார். சில்லு அசையவில்லை. அவர் கையை எடுக்க முயன்றார், கையும் வரவில்லை. பத்து விரல்களும் இரும்பைச் சுற்றியபடி பூட்டிக்கொண்டன. இளைஞர்கள் இழுத்தபோது அவர் எழுப்பிய ஓலத்தில் குளத்துக் கொக்குகள் எழுந்து பறந்தன. சட்டைக்கை மேலேற, வீங்கிச் சிவந்த மணிக்கட்டை ஊர் கண்டது. அவருடைய மனைவி அழுதுகொண்டே சொன்னாள்: "நாலு வருசமா இப்பிடித்தான். காத்து வரட்டும் எண்டு சொல்லிச் சொல்லி நாங்களும் கதவைத் திறந்துபோட்டுத்தான் படுக்கிறம்."

தாட்சாயினி பானையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கைபேசியை எடுத்தாள். "மச்சாள், அப்புத்துரை அண்ணற்றை கை சில்லோடை இறுகிப்போச்சு. உங்கட மூட்டு வருத்தம்தான்."

அக்கா வீட்டுக் கட்டிலில் தாமும் விறைத்துக் கிடந்த ஜெகதீஸ்வரியின் காதருகே கைபேசியை அக்கா பிடித்திருந்தாள். "இழுக்காதேங்கோ. சுடுதண்ணியிலை துவாயை நனைச்சுச் சுத்துங்கோ. பின்னாலை ஒரு கதிரையை வையுங்கோ. ஆளைச் சுத்தி நிண்டு பாக்காமல் கொஞ்சம் விலகுங்கோ, அதுதான் கூட நோகும். வெயில் வரட்டும்."

அவ்வாறே செய்தனர். அப்புத்துரை சில்லைப் பற்றியபடி கதிரையில் அமர்ந்திருந்தார். நல்ல நேரம் வந்தது, அவரைப் பார்த்தது, கடந்து போயிற்று. வெயில் ஏறியதும் விரல்கள் இளகின, சில்லும் இளகிற்று. இப்போது திருப்பலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். முதற்பிடி விழாமல் திருப்பமாட்டேன் என்று அவர் கைகளைத் துவாய்க்குள் வைத்துக்கொண்டார். நண்பகலில், ஒட்டுசுட்டான் வழியாக வந்த பேருந்திலிருந்து இறங்கி, ஜெகதீஸ்வரி தடியூன்றிக் கட்டின்மேல் மெதுவாக நடந்து வந்தார். அப்புத்துரை எழுந்து கதிரையைக் கொடுத்தார்.

"ஏன் அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் சில்லை வேறை ஆருக்கும் குடுத்திடுவினம் எண்ட பயம்தான், தங்கச்சி."

"ஓம்," என்றார் ஜெகதீஸ்வரி. "குடுத்துத்தான் இருப்பினம்."

பயணக் களைப்பு அவருக்கு. பிடிக்கு மடங்காத கைகளிரண்டையும் சேர்த்துக் குவித்து அரிசியை ஏந்தினார். சில மணிகள் சிந்தின. ஏனையவை, தாட்சாயினி மீண்டும் அடுப்பேற்றியிருந்த பானைக்குள் விழுந்தன. பால் பொங்கிற்று. அப்புத்துரை சில்லைத் திருப்பினார்.

அடுத்த போகத்துக்கு நேரம் குறித்தபோது, வெயில் ஏறிய பின் திறப்பதற்குப் பஞ்சாங்கத்தில் தடையேதும் காணவில்லை என்று அப்புத்துரையே அறிவித்தார். பிள்ளையாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. கிளினிக் நாளில் இருவரும் ஒரே பேருந்தில் வவுனியாவுக்குப் போகிறார்கள். எந்தக் குளிசை எந்த நாளில் வயிற்றைப் புரட்டுகிறது என்பதே வழியெல்லாம் கதை. அதன்பின் இன்னும் சில வீட்டுக் கதவுகளும் காலையில் இறுகுவது தெரியவந்தது. அவ்வீட்டார் அதை மறைக்கவில்லை. வெளியூர்ப் பால்வண்டிக்காரர் இரண்டு தடவை திறவாத படலைகளுக்கு முன் நின்றுவிட்டு, இப்போது பிந்தியே வருகிறார். இந்தச் சிறுபோகத்திலும் தண்ணீர் வெயில் ஏறிய பின்னரே திறக்கப்பட்டது. அது வாய்க்கால் வழியே, தன் வழக்கமான வேகத்தில், கடைசிக் காணிவரை போய்ச் சேர்ந்தது.