காசு நின்ற மோட்டார்

டிரில் பிட் 'டிக்' என்று முறிந்தது. நானும் கிருபாசங்கர் அண்ணனும் விக்கித்துப் போனோம். மோட்டார் அதிரவே இல்லை. அதன் தலைமேல் அண்ணன் நிமிர்த்தி வைத்த ஐந்து ரூபாய்க் காசு அப்படியே நின்றது.

அண்ணன் என் பெரியப்பா மகன். சரவணம்பட்டியில் பம்பு மோட்டார் செய்கிறார். ஓடும் மோட்டார்மேல் காசு விழாமல் நின்றால் அது நல்ல மோட்டார். அவர் பட்டறையில் அதுதான் பரீட்சை.

தாராபுரத்தில் என் அக்கா கீதாவின் கோழிப்பண்ணையில், சூடு பார்த்து ஃபேனைப் போடும் சர்க்யூட் போர்டு எரிந்துவிட்டது. புதுக் குஞ்சுகள் இப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. நேற்றிலிருந்து அக்கா கண் மூடாமல் கையாலேயே சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள். மாற்று போர்டின் செம்புப் பூச்சை வீட்டிலேயே ரசாயனத்தில் அரித்துத் தயாராக்கிவிட்டேன். பாகங்களின் கால்கள் நுழையும் துளைகள்தான் பாக்கி; அதற்காகத்தான் அண்ணனின் மோட்டாரில் டிரில் பிட்டை மாட்டியிருந்தோம்.

"இன்னொருக்கா போட்டுப் பாரு கண்ணு. பிட்டு மட்டமா இருக்கும்."

"இனி ஒரே ஒரு பிட்டுதான் இருக்குதுங்ணா."

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் நான் வாங்கிய, பிட்டைச் சுழற்றும் சின்ன ஸ்பிண்டில் மோட்டார் ஒன்றும் இருந்தது. அதன்மேல் காசை நிறுத்தி ஓடவிட்டதும், காசு துள்ளி மேசைக்கடியில் ஓடியது.

"தூக்கிப் போடு அம்மணி. சட்னி அரைக்கக்கூட ஆவாது."

கடைசி பிட்டைப் பெரிய மோட்டாரில் மாட்டி, கரண்ட் கொடுக்காமல் விரலால் மெல்லச் சுற்றினேன். பக்கத்தில் ஒரு தாளின் ஓரம். பிட்டின் முனை தாளைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டம் தலைமுடி அளவுதான். ஆனால் பிட்டே ஊசிப் பருமன், அதுவும் வளையாமல் முறிகிற கார்பைடு. பிட்டைப் பிடிக்கும் 'சக்' என்ற பிடியை ஒரே ஒரு திருகுதான் மோட்டார் தண்டோடு இறுக்குகிறது. அது ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. மோட்டாரின் கனம் அந்த ஆட்டத்தை விழுங்கிவிடுவதால் காசுக்குத் தெரியவில்லை.

சின்னதில் மாட்டிச் சுற்றினேன். முனை நகரவே இல்லை. அதில் பிட்டைச் சுற்றிலும் சமமாக நெரித்துப் பிடிக்கும் வளையம் இருந்தது. உடம்புதான் லேசு, அதனால் அதிர்கிறது. ஸ்டாண்டில் இறுகக் கட்டி, போர்டின்மேல் இறக்கினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளைத் தூள் பறந்தது. பிட் மறுபுறம் வந்துவிட்டது. அடுத்த துளை. அதற்கடுத்தது.

"அட, என்னம்மணி இது!" அண்ணன் போர்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப காசு இத்தன நாளா என்னத்தத்தான் பாத்துச்சு?"

"உடம்பைப் பாத்துச்சுங்ணா. பம்புக்கு அது போதும்."

போர்டில் பாகங்களைப் பற்றவைத்து, அண்ணனோடு காரில் ஏறியதும் அக்காவை அழைத்தேன்.

"லோகு, வந்து சேர்ற வரைக்கும் பேசிட்டே வா. இல்லாட்டி தூங்கிப்போடுவேன்."

"சரிக்கா. ஸ்பிண்டில்னா என்னன்னா..."

"அய்யோ சாமி, அதுக்கு இப்பவே தூங்கிருவேன். அண்ணங்கிட்ட ஃபோனைக் குடு."