மூன்றாம் உரம்

கரும்புக்கு முதல் மேலுரம் வைத்த அன்று சாயங்காலம், அவசரக்காரரின் மகள் ஒரு சாண் உயர்ந்திருந்தாள். அடுப்புக்கு மேலே பலகையில் இருந்த உப்பு ஜாடியை அவள் எட்டி எடுத்துக் கொடுத்தபோதுதான் அம்மா கவனித்தாள். எட்டு வயதுப் பிள்ளை. காலையில் அந்தப் பலகை அவளுக்கு எட்டவில்லை. அம்மா ஜாடியை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையைச் சுவரோடு நிற்கவைத்துப் பார்த்து, தெருக்கதவைச் சாத்தினாள். பயத்தில் முதலில் செய்யத் தோன்றியது அதுதான்.

அவசரக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். எதையும் ஆறவிடாமல் வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். கரும்புக் கரணை நட்ட மறுநாளே முளைத்துவிட்டதா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பவர். அந்த வருடம்தான் சொந்தமாக நிலம் பிடித்து, அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் தூவிக் கரும்பு நட்டிருந்தார். அந்த வாரம் பிள்ளைக்குச் செருப்பு பத்தாமல் போனது. வேர் பிடிப்பதற்கான உரம் அது, பாதம்தான் பெருத்தது. வளர்கிற வயசு என்று வேறு செருப்பு வாங்கினார்கள். அப்போது யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

பயிர் பக்கத் துளிர் விட்டுத் தூர் கட்டும் பருவத்தில் இரண்டாவது உரம் வைக்க வேண்டும். பிள்ளையை நினைத்து, வாழ்நாளில் முதல் தடவையாக அவசரக்காரர் ஒரு வேலையைத் தள்ளிப்போட்டார். மூட்டை கொட்டகையில் பிரிக்காமல் கிடந்தது. தண்ணீர் மட்டும் பாய்ச்சினார். தோகை வெளுத்து மஞ்சளானது. வீட்டில் பிள்ளையும் மஞ்சளானாள். நகக்கண் வெளிறியது, கட்டிலை விட்டு எழவில்லை. மருத்துவர் கொடுத்த மருந்து தொண்டையிலேயே நின்றது. வைத்துவிடுங்கள் என்றாள் மனைவி. அவர் கொட்டகைக்குப் போய் மூட்டையைப் பிரித்தார். அவசரத்தில் யூரியாவும் பொட்டாஷும் தூரில் விழாமல் பார் மேடெல்லாம் சிதறின. தண்ணீர் கட்டிவிட்டு வந்து பார்த்தால், பிள்ளை எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். குரல் ஒரு பெரிய பெண்ணுடையது.

மூன்றாவது உரம் வைத்து மண் அணைத்தபோது அவள் அம்மாவைவிட உயரமாகிவிட்டாள். அங்கே தூருக்கு மண் ஏற ஏற, இங்கே அவளுக்குக் கால் கனத்தது. கணுக்காலை யாரோ இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று அழுதாள். பார்வைக்கு இருபது வயதுக்காரி. அழுகை மட்டும் எட்டு வயது அழுகை. மடியில் வைத்துக்கொள்ள முடியாமல் அவசரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். சர்க்கரை ஆலையின் வயல் அலுவலர் வந்து பார்த்து, பயிர் அருமை, இதற்கு மேல் உரம் வைத்தால் சாய்ந்துவிடும், இனிப்பும் ஏறாது, இனி முற்ற மட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முற்ற மட்டும் என்ற சொல்லோடு அவசரக்காரர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெட்டினால் மகளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். சுற்றிலும் வயல்கள் மொட்டையாகிவிட, அவருடையது மட்டும் நின்றது. நின்று பூத்தது. ஒரு காலை வயல் முழுக்க வெள்ளைக் குஞ்சம். அதே காலை மகளின் சீப்பில் நரைமுடி வந்தது. பிறகு கன்னம் ஒட்டியது. அம்மாவுக்கு அக்கா மாதிரி ஆனாள். முற்றிப்போன கரும்பு நடுவில் பஞ்சாகிவிடும். அவளுக்கும் நெஞ்சுக்குள்ளே ஏதோ காலியாகிக்கொண்டே போனது. ஒரு மத்தியானம் அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"வெட்டிடுங்கப்பா."

"வெட்டினா நீ என்னம்மா ஆவே?"

"தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நின்னபடியே சக்கையாப் போறதுக்கு அது பரவால்லப்பா."

ஆட்களை விடாமல் அவரே வெட்டினார். அம்மா வீட்டுக்குள் மகளைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். தரையை ஒட்ட வெட்ட வேண்டும். உயரத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர் நோஞ்சானாக இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தார். அங்கிருந்து சத்தமே வரவில்லை. கடைசித் தூர் விழுந்ததும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார். வாசலில் கால் நின்றுவிட்டது.

"வாங்க, தூங்குறா" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. அவள் மடியில், தொளதொளத்த துணிக்குள் எட்டு வயதுப் பிள்ளை சுருண்டு கிடந்தாள்.

கட்டை துளிர்த்தது. உழுது புரட்டிவிட்டுப் புதுசாக நடலாமே என்று வயல் அலுவலர் சொன்னபோது கணவனும் மனைவியும் ஒரே மூச்சில் வேண்டாம் என்றார்கள். கட்டைக் கரும்புக்கு உரத்தை முந்தி வைக்க வேண்டும். வைத்தார். மற்றவர்கள் இரண்டு மூன்று வெட்டில் கட்டையைத் தோண்டி எறிகிறார்கள். அவர் வயலில் மட்டும் பல வருடமாக அதே கட்டைதான். வருட ஆரம்பத்தில் மகள் மூன்றாம் வகுப்பில் பெஞ்சில் உட்காருவாள். வருடக் கடைசியில் அதே வகுப்புக்குப் பாடம் நடத்துவாள். இதற்காகவே பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். அவசரக்காரருக்கு மட்டும் பழகவில்லை. இன்றுவரை கத்தியை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார்.

இந்த வருடம் அவருக்கு முட்டி மடங்கவில்லை. மூன்றாம் உரம் வைக்க வேண்டிய அன்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் உரச்சட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தான் வைப்பதாகச் சொல்லி வயலுக்குள் இறங்கினாள். தூர் தூராகக் குனிந்து வைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு வரிசைக்கும் அவள் வளர, தரை கொஞ்சம் கீழே போனது. கொஞ்சம் கூடுதலாகக் குனிந்துகொண்டாள்.