ராஜா தலைக்கு மேலே ஓர் ஓட்டை

அமெரிக்காவில் யூடிக்கா என்ற ஊரில் தேவாலயத்துக்குக் கீழே இருந்த கூடத்தில் பழைய பதக்கம் சேர்ப்பவர்கள் கூடியிருந்தார்கள். லெனோரா காபியைக்கூடத் தொடாமல் ஹார்லன் விட்கோமின் மேசைக்கு நேராகப் போனாள். கறுப்பு வெல்வெட்டில் கிடந்தது அந்த வெள்ளிப் பதக்கம். நடுவில் இங்கிலாந்து ராஜாவின் தலை. சண்டையில் தம் பக்கம் நிற்க வேண்டும் என்று ஒனைடா பழங்குடித் தலைவர்களின் கழுத்தில் வெள்ளைக்காரர்கள் மாட்டிவிட்டது. கடைசியாக அதைப் போட்டிருந்தவர் அவளுடைய பாட்டனின் பாட்டன். அவர் போன பிறகு அது எப்படிக் கைமாறியது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. வாங்கியவர்களிடம் மட்டும் ரசீது இருக்கிறது.

ஒரே அச்சில் எத்தனையோ அடித்திருப்பார்கள். ஆனால் அவருடையதில் ராஜா தலைக்கு மேலே ஓர் ஓட்டை, தோல்வார் இழுத்து இழுத்து இடப்பக்கம் தேய்ந்தது. அதைக் காட்டினால் அவளுடைய மக்கள் பதக்கத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

"ஓட்டை எங்க?"

ஹார்லனின் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிக்க முடியலல்ல? ஒஹையோவுல ஒருத்தன் வெள்ளி வச்சு அடைச்சு மெருகு போட்டுக் குடுத்தான். பாவம், மூளியா கிடந்துச்சும்மா."

"கழுத்துல போடத்தானே குடுத்தாங்க? பெட்டியில வச்சுப் பூட்டவா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "காலேஜ் படிச்ச பிள்ளைகிட்ட மாட்டிக்கிட்டியே, ஹார்லன்."

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். நாலு மாதம் ஆவணக் காப்பகத்தில் தூசி தின்று தேடியெடுத்த புகைப்படத்தை மேசைமேல் வைத்தாள். அந்தப் பாட்டனின் நெஞ்சில் பதக்கம். ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. படத்தில் இருக்கிறது, பதக்கத்தில் இல்லை. இது வேறு பதக்கம் என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் சொல்ல அவ்வளவு போதும்.

ஹார்லன் உருப்பெருக்கியை வைத்து வெகுநேரம் பார்த்தார். கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"இது தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

லெனோரா பதக்கத்தின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள்.

"அதுமேல மூச்சு விடாதம்மா, கறை புடிச்சிரும்."

வாயைத் திறந்து ஊதினாள். வெள்ளி முழுக்க மங்கியது. ராஜா தலைக்கு மேலே மட்டும் ஆவி சரியாகப் படியவில்லை. இடப்பக்கம் இழுபட்ட ஒரு வட்டம் தெரிந்து மறைந்தது.

ஹார்லன் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

போனை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் ஊதுறேன். நீங்க படம் எடுங்க."

அவர் கை வெல்வெட்டின்மேல் அப்படியே இருந்தது. அவள் மறுபடி ஊதினாள். வட்டம் எழுந்தது. ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியது.