சாயம் இறங்கும் நாட்கள்

தையல்காரர் இறந்து மூன்றரை மாதம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், அவர் மனைவி தலைக்கு டை அடித்து அலசி, துண்டைச் சுற்றிக்கொண்டு குளியலறையை விட்டு வெளியே வந்தபோது, அவர் முன்னறையில் தன் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நெஞ்சுவலி வந்து சாய்ந்த அதே நாற்காலி, அன்று போட்டிருந்த அதே சட்டை. அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டீ போடட்டுமா என்று கேட்டாள். பசியில்லை என்றவர், எதிர்வீட்டு வாத்தியாரின் கால்சட்டை எங்கே என்று விசாரித்தார். வாங்கிக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது என்றாள். விளிம்பு அடிக்காமலேயா என்று அவர் வருத்தப்பட்டார்.

அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பயிற்சி கொடுப்பவள். பிள்ளைகள் டால்பின் டீச்சர் என்று கூப்பிடப்போய், பெரியவர்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்தே அவளுக்குச் சன்னமான முடி. பின்னினால் பென்சில் தடிமன்கூடத் தேறாது. முப்பது வயதிலேயே நரைக்கத் தொடங்கியது. பிடரிப் பக்கம் அவளுக்கு எட்டாது என்பதால், ஆறு வாரத்துக்கு ஒருமுறை தையல்காரர்தான் பிரஷ்ஷை வாங்கி, துணியில் கோடு போடுகிற நிதானத்தோடு பூசிவிடுவார். அவர் போன பிறகு அவள் டை பக்கமே போகவில்லை. நாத்தனார்தான் செம்பழுப்பு நிற டை பெட்டி ஒன்றை வாங்கி வந்து மேசைமேல் வைத்து, “இப்படியே இருந்தா எப்படி அண்ணி, குளத்துக்கு வர்ற பசங்க பயந்துக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தவரைத் தெரு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் இரண்டு நாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வாத்தியார் அந்தக் கால்சட்டையோடு வந்து விளிம்பு அடித்து வாங்கினார். உயிரோடு இருந்தபோது ஒரு அங்குலம் குட்டையாகத் தைத்த மனிதர் இப்போதும் அதே ஒரு அங்குலம் குட்டையாகத்தான் தைக்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டே அடுத்த உருப்படியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் டால்பின் டீச்சர் வழக்கம்போல் வெந்நீரில், நுரை பொங்கும் ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளித்தாள். சாக்கடை வாயில் பழுப்பாகத் தண்ணீர் ஓடியது. வெளியே வந்து பார்த்தால் தையல்காரருடைய இடது கை மணிக்கட்டு வரை வெளுத்திருந்தது, வெயிலில் பல மாதம் கிடந்த துணி மாதிரி. அடுத்த குளியலில் தோள் போனது. குளத்துத் தண்ணீரின் குளோரின் இன்னும் வேகமாக வேலை செய்தது. மூன்று வாரத்தில் நாற்காலி காலியாகிவிட்டது. அவள் ஓடிப்போய் இன்னொரு பெட்டி வாங்கி அன்றே அடித்தாள். அவர் வந்து உட்கார்ந்து, கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டார். அவளுக்குப் போன உயிர் வந்தது. ஆனால் சீப்பில் ஒரு கைப்பிடி முடி வந்தது.

அடுத்த தெரு பார்லர்க்காரி அவள் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது முடியா நூலாம்படையா? சன்னமான முடி சாயத்தப் பிடிச்சு வச்சுக்காது, மருந்தையும் தாங்காது. இனிமே வருஷத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வச்சீங்கன்னா வேரோட வந்துடும்” என்றாள். இருக்கிற நிறத்தைக் காப்பாற்றுகிற வழிகளையும் சொல்லி அனுப்பினாள்.

அதன்பின் இரண்டு வருடம் அந்த வீடு ஒரு தலைமுடியைச் சுற்றி நடந்தது. பத்து நாளைக்கு ஒரு குளியல். பச்சைத் தண்ணீர், அதுவும் குழாயில் வடிகட்டி மாட்டி உப்பை எடுத்த தண்ணீர். நுரை வராத ஷாம்பூ, உச்சியில் மட்டும். கண்டிஷனர் காதுக்குக் கீழேதான். மேலே பட்டால் முடி படிந்து மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். துண்டால் துவட்டக் கூடாது என்பதால் பழைய பருத்திச் சட்டையில் ஒற்றி எடுத்தாள். ஈரத்தில் சீப்பு வைக்காமல், காய்ந்த பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்தாள். தலையணையில் உரசாமல் இருக்க அவரே சாட்டின் உறை தைத்துக் கொடுத்தார். வெயில் ஆகாதென்று தொப்பி போட்டுக்கொண்டாள். குளத்தை விட்டு டிக்கெட் கவுண்டருக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் பழக்கிய பிள்ளைகளுக்கு வேறொருத்தி கையை வீசச் சொல்லிக் கொடுப்பதைப் பார்க்கையில் அவள் தோள்பட்டைகள் தானாக அசைந்தன. தண்ணீரில் இறங்காத உடம்பு வீங்கியது, கழுத்து பிடித்துக்கொண்டது, குளிர்ந்த தண்ணீரில் குளித்துக் குளித்து மூக்கு ஒழுகுவது நிற்கவேயில்லை.

நாத்தனார் வாரம் தவறாமல் அண்ணனைப் பார்க்க வந்தாள். குளிக்கிற நாளாக இருந்தால் குளியலறை வாசலிலேயே நின்றாள். “சுடுதண்ணி கலந்தீங்களா அண்ணி?” என்று வாளியில் விரலை விட்டுப் பார்த்தாள். அண்ணனின் காதோரம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, நீங்கள் அக்கறையாக இருந்தால் இப்படி ஆகுமா என்றாள். ஒருமுறை பொறுக்காமல் தன் அடர்த்தியான முடிக்கே அதே செம்பழுப்பை அடித்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அதற்கும் அண்ணிமேல்தான் கோபித்துக்கொண்டாள்.

இவ்வளவு செய்தும் முடி குறைந்துகொண்டே வந்தது. வகிடு விரல் அகலமானது. உதிர்ந்ததையெல்லாம் அவள் ஒரு காகித உறையில் போட்டு வைத்தாள். இருபது நாளுக்கு ஒரு குளியல் என்று தள்ளினாள், பிறகு நாற்பது. தலையில் புண் வந்தது. கவுண்டரில் பக்கத்து இருக்கைக்காரி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஐம்பதாவது நாள் எரிச்சல் தாங்காமல் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அழுதாள். சத்தம் கேட்டுத் தையல்காரர் வாசலுக்கு வந்தார். அப்போது அவருக்கு முகமும் கைகளும் மட்டும்தான் தெளிவாக இருந்தன.

“ஊத்திக்க. எத்தன நாள் இப்படியே கிடப்ப?”

“ஊத்தினா நீங்க போயிடுவீங்க.”

“நான் ஒண்ணு சொல்லுவேன், நீ மனசு விட்டுடக் கூடாது. ஒவ்வொரு தடவ நீ தலைக்கு ஊத்தும்போதும் எனக்கு அந்த நெஞ்சுவலி வருது. அன்னிக்கு வந்த மாதிரியே.”

அவள் இதுவரை குளித்த நாட்களை விரல்விட்டு எண்ணப் பார்த்தாள், பாதியில் நிறுத்தினாள். “ஏங்க இத்தன நாள் சொல்லல?”

“நீ இவ்வளவு பாடுபடுற. எப்படிச் சொல்ல?”

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். முன்னறையில் முக்காலி போட்டு, வெட்டுத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். வெட்டினால் வலிக்குமா என்று கேட்டதற்கு, தெரியவில்லை, வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்றார். பிடரியில் தொடங்கி, நேர்க்கோடாக, அவசரப்படாமல் வெட்டினார். இடது காதருகே வந்ததும் அவருடைய மூச்சு அவள் கன்னத்தில் படுவது நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வலது காதருகே, வலிக்கவே இல்லடி என்று குரல் மட்டும் வந்தது. நெற்றிக்கு மேல் கடைசிக் கொத்து வெட்டுப்பட்டதும் கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. அதன் முனை உடைந்துவிட்டது.

அவள் குளியலறைக்குப் போய், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கலந்து, தலையிலிருந்து ஊற்றிக்கொண்டு, தண்ணீர் தீரும் வரை அழுதாள்.

மறுநாள் வந்த நாத்தனார் அவள் தலையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசாமல் தரையில் மண்டிபோட்டு, துணியில் கிடந்த முடியையெல்லாம் பொறுக்கி, காகித உறையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதை ஒரு மூடி போட்ட தகரப் பெட்டியில், வெளிச்சமும் ஈரமும் படாமல் வைத்தாள். வெட்டிய முடியைக் கழுவ வேண்டியதில்லை என்பது அதுவரை யாருக்கும் தோன்றாதது ஆச்சரியம்தான். எட்டாம் நாள் நாத்தனார் வீட்டுப் பின்னறையில் இருந்த பழைய தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. போய்ப் பார்த்தபோது முழங்கை வரை இரண்டு கைகள் வந்திருந்தன. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

செய்தி கேட்ட டால்பின் டீச்சர் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் போய், கைகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“வலிக்குதான்னு கேட்டியா?” என்றாள் நாத்தனாரிடம்.

“எப்படிக் கேக்குறது அண்ணி, வாய் இல்லையே.”

அவள் தையல் சுண்ணக்கட்டியை எடுத்து வலது கையில் வைத்து, குனிந்து, வலிக்கிறதா என்று கேட்டாள். கை கொஞ்சம் யோசித்துவிட்டு, விரித்திருந்த கருப்புத் துணியில், இல்லை என்று எழுதியது. அவள் அந்த எழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து தன் நீச்சல் உடையை எடுத்து, தோள்பட்டி நைந்திருந்த இடத்தைக் காட்டினாள். கைகள் வாங்கி, இழுத்துப் பார்த்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தன.

திங்கட்கிழமை காலை அவள் டிக்கெட் கவுண்டரைத் தாண்டி உள்ளே போனாள். தலையில் அரை அங்குலம் வெள்ளை முடி இருந்தது. ஒரு சிறுமி தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள், அவளும் குனிந்து காட்டினாள். தோள்பட்டி மட்டும் ஒரு அங்குலம் குட்டையாக இருந்தது. அதை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆழமான பக்கத்தில் குதித்தாள்.